தலைப்பிரட்டையில் தைராய்டு ஹார்மோனை அளப்பது எப்படி

தலைப்பிரட்டை தவளையாக மாறுவது தைராய்டு ஹார்மோனால்தான். 1912-லேயே குடர்நாட்ச் என்பவர் குதிரையின் தைராய்டைத் தின்னக் கொடுத்து, வளரவேண்டிய அளவுக்கு வளராத தலைப்பிரட்டைகளை முன்கூட்டியே உருமாற வைத்துக் காட்டினார். ஆனால் இந்த ஹார்மோனை அளக்க இறங்கும் பலர் முதலில் எலைசா கிட்டை (எதிர்ப்புரதத்தால் ஹார்மோனை அளக்கும் ஆயத்தப் பெட்டி) வாங்கிவிட்டு அப்புறம்தான் யோசிக்கிறார்கள். வரிசையைத் திருப்புங்கள்: முதலில் வளர்ச்சி நிலை, பிறகு மாதிரி, கடைசியில் கருவி.

வயதை நம்பவே நம்பாதீர்கள். ஒரே முட்டைத் தொகுதியில் பிறந்து ஒரே தொட்டியில் வளர்ந்தவையே பல நாள் முன்பின்னாக வளரும். ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் ஆப்பிரிக்கத் தவளையான செனோபஸ் லேவிஸ் என்றால் நியூகூப்–ஃபேபர் வளர்ச்சி நிலை அட்டவணை, 1 முதல் 66 வரை. வேறு பல இனங்களுக்கு 1960-இல் கோஸ்னர் தந்த 46 நிலை அட்டவணை. செனோபஸில் 51-ஆம் நிலையில் பின்கால் சின்னக் கூம்பு மாதிரி இருக்கும், 58-இல் முன்கால் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், 66-இல் வால் போயே போயிருக்கும். ரத்தத்தில் ஹார்மோன் 54-க்கு முன்னால் மிகமிகக் குறைவு, பிறகு ஏறிக்கொண்டே போய் 60–62 வாக்கில் உச்சம் (தைராய்டு ஹார்மோனின் இரு வடிவங்களான டி4, டி3 இரண்டுமே சுமார் 10 நானோமோலார் அளவில்), 66-க்குள் மறுபடி இறங்கிவிடும். இந்த ஏற்றம் அவ்வளவு செங்குத்தாக இருப்பதால், 57-ஐயும் 61-ஐயும் ஒரே குழாயில் கலந்தால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ஒவ்வொரு பிராணியையும் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நிலையைக் குறித்த பிறகுதான் அடுத்த வேலை.

வளர்ப்பில் மூன்று விஷயங்கள் மாறாமல் இருக்கட்டும். வெப்பநிலை, செனோபஸுக்கு 22 டிகிரி செல்சியஸை ஒட்டி. தண்ணீரில் அயோடைடு: பன்னாட்டு அமைப்பான ஓஈசிடியின் 231-ஆம் சோதனை வழிகாட்டி லிட்டருக்கு 0.5 முதல் 10 மைக்ரோகிராம் வரை இருக்கச் சொல்கிறது. மூன்றாவது நெரிசல், நெருக்கடியில் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற அழுத்த ஹார்மோன் கூடும், அது டி4-ஐ டி3 ஆக்கும் வேலையையும் முடுக்கிவிடும். மாதிரியை எப்போதும் நாளின் அதே நேரத்தில் எடுங்கள்.

ரத்தமா, முழு உடலா? உச்ச நிலையை நெருங்கிய செனோபஸில் ரத்தம் எடுக்கலாம். எம்.எஸ்.222 என்ற மயக்க மருந்தின் கரைசலைச் சோடியம் பைகார்பனேட்டால் பிஎச் 7-க்குக் கொண்டுவந்து, அதில் மயக்கி, உடலின் மேல் ஒட்டியிருக்கும் நீரை வடிதாளால் ஒற்றி எடுத்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால் அந்த நீர் ரத்தத்தோடு கலந்து அளவைக் குறைத்துக் காட்டும். மார்புப் பக்கத் தோலைத் திறந்தால் இதயம் துடிப்பது தெரியும். அதைக் கீறி, ஹெப்பாரின் பூசிய நுண்குழாயின் நுனியை வைத்தால் ரத்தம் தானாகவே ஏறும். கிடைப்பது சில மைக்ரோலிட்டர்தான், ஆகவே ஒரே நிலையில் இருக்கும் பலவற்றின் பிளாஸ்மாவைச் சேர்த்துத்தான் அளக்க முடியும்.

அதைவிடச் சின்னவற்றுக்கு முழு உடல்தான் வழி, ஆனால் அங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. தைராய்டு சுரப்பி தைரோகுளோபுலின் என்ற புரதத்தில் ஹார்மோனைச் சேமித்து வைக்கும். முழு உடலை அரைத்தால் இன்னும் ரத்தத்துக்கே வராத அந்தச் சேமிப்பின் ஒரு பகுதியும் கணக்கில் சேர்ந்துவிடலாம். என் கருத்தில், சுரப்பி இருக்கும் கீழ்த்தாடைப் பகுதியைத் தனியே வெட்டியெடுத்து வைத்துவிட்டு, மிச்ச உடலைத் தனியாக அளப்பதுதான் நேர்மையான வழி. சுரப்பியின் சேமிப்பும் வேண்டுமென்றால் புரோனேஸ் நொதியால் புரதத்தைச் செரிக்கவைத்து அதைத் தனி எண்ணாகச் சொல்லுங்கள்.

எடுத்த மாதிரியை உடனே திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, மைனஸ் 80-இல் வையுங்கள். அரைக்கும்போது குளிர்ந்த மெத்தனால். நொதிகள் அதிலேயே அடங்கிவிடும். அஸ்கார்பிக் அமிலம் மாதிரி ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருளும் சேர்க்கலாம். ஹார்மோனிலிருந்து அயோடினைக் கழற்றும் டீஅயோடினேஸ் நொதியைத் தடுக்க பிடியூ என்ற மருந்தைச் சேர்ப்பது பழைய வழக்கம், ஆனால் செனோபஸின் முதல் வகை டீஅயோடினேஸ் அதற்குப் பணியாது, ஆகவே அதை மட்டும் நம்பி மாதிரியை மேசையில் விட்டுவிடாதீர்கள். கார்பன்-13 (சற்றுக் கனமான கார்பன்) ஏற்றிய டி4, டி3-ஐ அரைப்பதற்கு முன்பே சேர்த்துவிடுங்கள். வழியில் எவ்வளவு தொலைந்தாலும் கணக்குச் சரியாகும். பிறகு சென்ட்ரிஃபியூஜ், கொழுப்பை நீக்குவது, திடநிலைப் பிரிப்பு, நைட்ரஜன் ஓட்டத்தில் உலர்த்துவது என்று வழக்கமான வேலைகள். ஹார்மோனின் மூலக்கரைசலை அம்மோனியா கலந்த மெத்தனாலில், இருட்டில் வையுங்கள். வெறும் நீர்க்கரைசலாக வைத்தால் அது குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

கருவி கிடைக்குமானால் எல்சி-எம்எஸ்/எம்எஸ் (பொருள்களைத் திரவ ஓட்டத்தில் பிரித்து நிறையால் அடையாளம் காணும் கருவி) தான் என் தேர்வு. டி3-க்கும் அதன் செயலற்ற மாற்று வடிவமான ரிவர்ஸ் டி3-க்கும் ஒரே நிறை, அதனால் இரண்டும் கருவியின் பிரிப்புக் குழாயிலேயே பிரிந்து வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு குழாயில் கார்பன்-13 டி4 மட்டும் போட்டு எல்லாப் படியையும் கடக்க விடுங்கள். கடைசியில் கார்பன்-13 டி3 தலைகாட்டினால், ஒன்று நீங்கள் வாங்கிய டி4 தூய்மையாக இல்லை, இல்லையென்றால் உங்கள் செய்முறை டி4-ஐ உடைக்கிறது.

எலைசாதான் கையில் இருக்கிறதென்றால், அது மனித ரத்தத்துக்கென்று செய்தது என்பது நினைவிருக்கட்டும். மனித சீரத்தில் மொத்த டி4 சுமார் 60–150 நானோமோலார்; தலைப்பிரட்டையின் உச்சமே அதில் ஒரு சிறு பங்கு. பிணைப்புப் புரதங்களும் வேறு, தவளையினத்தின் டிரான்ஸ்தைரெட்டின் (ரத்தத்தில் ஹார்மோனைச் சுமக்கும் புரதம்) டி4-ஐ விட டி3-ஐத்தான் இறுகப் பிடிக்கும். மாதிரியை 2, 4, 8 மடங்கு நீர்க்கச் செய்து, வரும் கோடு கிட்டின் நிர்ணயக் கோட்டுக்கு (தெரிந்த அளவுகளை வைத்து வரைந்தது) இணையாகப் போகிறதா என்று பாருங்கள். தெரிந்த அளவு ஹார்மோனைச் சேர்த்து அது முழுதாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். இரண்டில் ஒன்று தேறாவிட்டாலும் அந்தக் கிட்டை நம்பாதீர்கள்.

ஒப்பீட்டுக்குப் பெர்குளோரேட் என்ற உப்பு கலந்த நீரில் வளர்த்த தலைப்பிரட்டைகள் அவசியம். அது அயோடைடைச் சுரப்பிக்குள் போகவிடாது, ஆகவே ஹார்மோன் வற்றிய உடல் கிடைக்கும். கருவியின் பின்னணி எவ்வளவு என்று தெரிந்துகொள்ளவும் அதுவே உதவும்.

ரத்தத்து எண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். டி4-ஐ டி3 ஆக்கும் இரண்டாம் வகை டீஅயோடினேஸ் காலில் சீக்கிரமே வந்துவிடும், வாலில் உச்ச நிலையில்தான் கூடும். கால் முதலில் வளர்வதற்கும் வால் கடைசியில் கரைவதற்கும் இதுவும் ஒரு காரணம். அதே பிராணியின் வாலிலும் மூளையிலும் ஹார்மோன் தூண்டும் தைராய்டு ஏற்பி பீட்டா, கேஎல்எஃப்9 ஆகிய மரபணுக்கள் எவ்வளவு இயங்குகின்றன என்று கியூபிசிஆரில் (மரபணுச் செயல்பாட்டை அளக்கும் முறை) பாருங்கள், ஹார்மோன் திசுவில் வேலை செய்கிறதா என்பது அங்கே தெரியும். அப்புறம், கண்டறியும் எல்லைக்குக் கீழே வந்த மாதிரிகளைப் பூஜ்யம் என்று எழுதாமல், எல்லைக்குக் கீழே என்றே எழுதி, அந்த எல்லை எவ்வளவு என்பதையும், எந்த நிலையில் எத்தனை பிராணிகளைச் சேர்த்தீர்கள் என்பதையும் அட்டவணையிலேயே கொடுத்துவிடுங்கள்.