ட்ரம்பெட்டுக்கும் ஹார்னுக்கும் கார்ட் பிரித்து எழுதும் முறை

கிறிஸ்துமஸ் ஆராதனைக்காக இரண்டு ட்ரம்பெட், ஒரு எஃப் ஹார்ன், ஒரு ட்ரோம்போன் கொண்ட சிறு குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன். முதல் கார்டே (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) நாராசமாக ஒலித்தது. கார்ட் சரிதான், ஒவ்வொரு கருவிக்கும் ஏற்ப ஸ்வரங்களை மாற்றி எழுதிய திசை தவறு.

முதலில், காதில் விழ வேண்டிய ஸ்வரங்களை ஆர்மோனியத்தில் வாசித்து அப்படியே எழுதுங்கள். ஈ ஃபிளாட் மேஜர் என்றால் மேலிருந்து ஜி, ஈ ஃபிளாட் இரண்டும் ட்ரம்பெட்டுகளுக்கு. அடுத்த பி ஃபிளாட் ஹார்னுக்கு. அடியில் ஈ ஃபிளாட் ட்ரோம்போனுக்கு. ட்ரோம்போனுக்குப் பேஸ் கிளெஃபில் (தாழ்ந்த ஸ்வரங்களுக்கான தாள் குறி) எழுதினால் எதையும் மாற்ற வேண்டாம்.

அடுத்ததுதான் நான் சறுக்கிய இடம். பி ஃபிளாட் ட்ரம்பெட்டில் தாளிலுள்ள சி-யை ஊதினால் ஒலிப்பது பி ஃபிளாட், அதாவது ஆறரைக் கட்டை. கருவி ஒரு முழு ஸ்வரம் இறக்குகிறது. ஆகவே நாம் அதே அளவு ஏற்றி எழுத வேண்டும். ஜி, ஏ ஆகும். ஈ ஃபிளாட், எஃப் ஆகும். நானோ இறக்கி எழுதிவிட்டேன். இரண்டாம் ட்ரம்பெட்டில் ஈ ஃபிளாட்டுக்குப் பதில் பி ஒலித்து, சரியாக எழுதப்பட்டிருந்த ஹார்னின் பி ஃபிளாட்டுடன் அரை ஸ்வர இடைவெளியில் மோதியது. ஹார்ன் ஐந்தாம் ஸ்வர அளவுக்கு இறக்கும். எனவே அதன் பி ஃபிளாட்டை எஃப் என்று ஏற்றி எழுதுங்கள்.

ஸ்வரத்தின் ஆங்கில எழுத்தை முதலில் நகர்த்துங்கள், அரை ஸ்வரம் ஏற்றும் ஷார்ப், இறக்கும் ஃபிளாட் பிறகு. ட்ரம்பெட்டுக்கு ஈ என்பது எஃப் ஷார்ப் ஆகும். ஜி ஃபிளாட் என்று எழுதினால் வாசிப்பவர் தடுமாறுவார்.

அடுத்த கார்ட் பி ஃபிளாட் செவன் என்றால் யாரையும் தாவவிடாதீர்கள். ஹார்ன் அசையாமல் நிற்கட்டும். முதல் ட்ரம்பெட் ஜி-யிலிருந்து ஏ ஃபிளாட்டுக்கு ஏறட்டும், இரண்டாவது ஈ ஃபிளாட்டிலிருந்து டி-க்கு இறங்கட்டும். ட்ரோம்போன் பி ஃபிளாட்டைப் பிடிக்கும். எஃப் விடுபட்டாலும் குறை தெரியாது. இவை ஒலிக்கும் ஸ்வரங்கள். ட்ரம்பெட் தாளில் பி ஃபிளாட், ஈ என்று வரும்.

இசைத்தாள் எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் இலவசம், ஒரு பொத்தானில் மாற்றித் தரும். ஆனாலும் முதல் நான்கு பாடல்களைப் பென்சிலால் எழுதுங்கள். ஒத்திகையில் தவறான ஸ்வரம் கேட்டால், அது யாருடைய தாளில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் உடனே பிடிபடும்.

பின்சேர்க்கை: ஹார்ன் பகுதி பொருந்தவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவரிடம் இருந்தது ஈ ஃபிளாட் ஹார்ன். அதற்கு மேஜர் ஆறாம் ஸ்வர அளவுக்கு ஏற்ற வேண்டும்: பி ஃபிளாட், ஜி ஆகும். எழுதுவதற்கு முன் கருவி எந்தச் சுருதியில் அமைந்தது என்று வாசிப்பவரிடமே கேட்டுவிடுங்கள்.