பங்குச் சேவைச் சபையில் சேருமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவிலுள்ள உறவினர் வழியாகக் கொலம்பஸ் வீரர்கள் அமைப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதில் சேர வழி என்ன என்று ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து இளைஞர்கள் விசாரிப்பதுண்டு. ஆர்வம் நல்லதே, ஆனால் எதில் சேர்கிறோம் என்று அறியாமல் பெயர் கொடுப்பது முதல் தவறு. 1882இல் அமெரிக்காவின் நியூஹேவனில் மைக்கல் மக்கிவ்னி என்ற குருவானவர் தொடங்கிய அவ்வமைப்பு, 18 வயது நிரம்பிய கத்தோலிக்க ஆண்களுக்கு உரியது. உழைப்பவர் இறந்தபின் குடும்பம் நிர்க்கதியாகிவிடக் கூடாது என்ற கவலையே அதன் ஆயுள் காப்புறுதிக்கு வித்திட்டது. அந்தக் காப்புறுதி அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ளவர்களுக்கான ஏற்பாடு. அதைக் காட்டி இங்கே யாரேனும் காசு கேட்டால், முதலில் பங்குத்தந்தையிடம் விசாரிக்க வேண்டும்.

நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது, வறியவர்களை வீடு தேடிச் சென்று உதவும் வின்சென்ட் டி போல் சபை. 1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஒசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய தோழர்களும் தொடங்கிய இச்சபையில் இன்று ஆண், பெண் இருபாலாரும் சேரலாம். இதைத் தோட்டத்து மரண உதவிச் சங்கம் போல, சந்தா கட்டினால் நமக்கொரு காலத்தில் திரும்பி வரும் என்று எண்ணிச் சேர்பவர்கள் சில மாதங்களிலேயே மனம் வெறுத்து விலகுகிறார்கள்.

பெரும்பாலான பிழைகள் வீடு சந்திப்பில்தான் நேர்கின்றன. இருவராகச் செல்வது சபையின் வழக்கம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பறாவுக்கும் (அறைக்கும்) அடுத்த காம்பறாவுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான், வாசலில் நின்று "கடன் எவ்வளவு இருக்கிறது?" என்று உரக்கக் கேட்டால், அந்தி சாய்வதற்குள் லயம் முழுவதற்கும் தெரிந்துவிடும். கொழுந்து நிறுத்துவிட்டு அப்போதுதான் வந்து, இடுப்பில் கட்டிய நனைந்த படங்கைக்கூட அவிழ்க்காத பெண்ணிடம் விவரம் கேட்டு எழுதுவது முறையல்ல. அடுப்பு மூட்ட அவகாசம் கொடுத்து, ஒரு சாயத்தண்ணீர் தந்தால் வாங்கிக் குடித்துவிட்டுப் பேசலாம். அரிசிப் பொதியைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பதும், பூசை முடிந்ததும் உதவி பெற்றவர் பெயரைக் கோவிலில் வாசிப்பதும் சபையின் இரகசியம் காக்கும் ஒழுங்குக்கே எதிரானவை. "கூரைத் தகரம் வாங்கித் தருகிறோம்" என்று அங்கேயே வாக்குக் கொடுக்கவும் கூடாது. என்ன கொடுப்பது என்பதை, யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாதபடி உறுப்பினர்களிடம் இரகசியமாகச் சேரும் பணத்தின் அளவைப் பார்த்துக் கூட்டமே முடிவு செய்யும்.

மதம் பார்த்து உதவுவது சபையின் விதிக்கு மாறானது. பக்கத்துக் காம்பறாவில் திருநீறு பூசியவர் பட்டினி கிடக்க, நம்மவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதை எந்த நியாயத்தாலும் மூடிமறைக்க முடியாது. ஜெபத்துக்கு வந்தால் அரிசி என்று பேசுவது அதைவிட மோசம்.

மனைவியிடம் சொல்லாமல் சேர்வதும் தவறே. மலையில் ஆறு நாள் நிற்பவளுக்குத் துணி துவைக்கவும் விறகு சேர்க்கவும் ஞாயிறு ஒன்றுதான் உண்டு. அந்த நாளிலும் கணவர் கூட்டத்துக்குப் போய்விட்டால், தர்மத்தின் சுமை அவள் தலையில்தான் விழுகிறது. குடும்பத்தோடு பேசி, முடிந்தால் இருவருமாகச் சேரலாம். தொழிற்சங்கக் கட்சிச் சண்டையை உள்ளே கொண்டு வருவதும், வந்த வேகத்தில் பதவி தேடுவதும் பற்றி விரித்துச் சொல்லத் தேவையில்லை.

பெயர் கொடுக்குமுன் சில கூட்டங்களுக்குச் சும்மா போய் உட்கார்ந்து பாருங்கள். கூட்டம் முடிந்தபின் உங்கள் டிவிஷனுக்குத் திரும்பக் கடைசி பஸ் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்; அது இல்லாத காரணத்தாலேயே மழைக்காலத்தில் நின்றுபோனவர்கள் பலர்.