பி0171 வந்தால் உடனே சென்சாரை மாற்றாதீர்கள்

கார் ஸ்கேனரில் பி0171 (P0171) என்ற பழுதுக் குறியீடு வந்தால் இன்ஜினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். பழி விழுவது என்னவோ ஆக்ஸிஜன் சென்சார் மேல்தான்; பாவம், அது பார்த்ததைச் சொல்கிறது. இன்ஜின் சூடானதும் லைவ் டேட்டாவில் ஃபியூயல் ட்ரிம் (காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்ற கணக்கு) பாருங்கள். ஐடிலில் +20% காட்டி, 2500 ஆர்பிஎம்மில் +5%க்கு இறங்கினால் வேக்குவம் லீக்தான், அதாவது கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ உள்ளே நுழைகிறது. இன்டேக் ஹோஸின் மடிப்புக்குள் விரிசல் ஒளிந்திருக்கும். கையால் வளைத்தால்தான் வாய் திறக்கும். இன்ஜினுக்குள் சேரும் புகையை இன்டேக்கிற்குத் திருப்பி அனுப்பும் பிசிவி ஹோஸையும் விடாதீர்கள். மாறாக, ஆர்பிஎம் கூடக்கூட ட்ரிம்மும் ஏறினால் ஃபியூயல் பிரஷர் குறைவாக இருக்கலாம், அல்லது உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சாரில் அழுக்கு. அதற்கென்றே விற்கும் கிளீனரை மட்டும் அடியுங்கள், சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய கம்பியைத் தொடாமல். நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். குறியீட்டை அழித்து ஓட்டிப் பார்க்கையில் மொத்த ட்ரிம் (ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டியது) ±10%க்குள் நிற்க வேண்டும்.