"சத்தம் வருது, ஆனா சரியா வரல": சொந்தமாக கிட்டார் பெடல் கட்டுபவர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்த தம்பி ஒருவன் பிளாஸ்டிக் டப்பாவில், தான் கட்டிய கிட்டார் பெடலின் (கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே மாட்டி சத்தத்தை மாற்றும் பெட்டி) சர்க்யூட் போர்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "அண்ணா, சத்தம் வருது, ஆனா உயிரே இல்லாம வருது. கெப்பாசிட்டர் எல்லாத்தையும் மாத்திப் பார்த்துட்டேன்." மாத்திப் பார்த்துட்டேன் என்று கேட்டதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. போர்டைத் திருப்பினால் மூன்று இடத்தில் செம்புப் பட்டை உரிந்து தொங்குகிறது. பல வருஷம் முன்னால் நான் செய்ததை அச்சு அசலாகச் செய்திருக்கிறான்.

பேட்டரி தீர்ந்தது, ஜாக் ஒயர் விட்டுப்போனது, சால்டர் சரியாகப் பிடிக்காதது, இதெல்லாம் இங்கே வேண்டாம். ஒரு தடவை பட்டால் அடுத்த தடவை கண்ணே போய்ப் பார்த்துவிடும்.

அளக்காமல் கழற்றுவது

நான் முதலில் கட்டியது பிக் மஃப் வகை ஃபஸ். எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் 1969-இல் கொண்டுவந்த பெடல் அது. நாலு ட்ரான்சிஸ்டர் ஒன்றன்பின் ஒன்றாக சிக்னலைப் பெருக்கும், நடுவில் இருக்கும் இரண்டோடு சேர்ந்த டயோடுகள் அதை வெட்டிக் கரகரப்பாக்கும். என் போர்டில் அச்சடித்திருந்த ட்ரான்சிஸ்டர் நம்பர் 2என்5088. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலைந்து எலக்ட்ரானிக்ஸ் கடை ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒருவர், "பிசி 549 சி போடுங்க சார், ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

கெயின், அதாவது எத்தனை மடங்கு பெருக்கும் என்ற விஷயத்தில், அவர் சொன்னதில் தப்பில்லை. கால் வரிசைதான் வேறு. தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே தொங்க பிடித்தால், 2என்5088-க்கு இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி 549-க்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். போர்டில் அச்சடித்திருந்த அரைவட்டத்துக்குப் பொருத்தமாக நான் அழகாகச் செருகினேன். நாலும் தலைகீழ்.

இதில் கொடுமை என்னவென்றால், திருப்பிப் போட்ட ட்ரான்சிஸ்டர் முழுசாகச் சாகாது. கொஞ்சம் பெருக்கும். நூற்றுக்கணக்கில் இருக்க வேண்டிய கெயின் சொற்பமாகிவிடும், அவ்வளவுதான். சத்தமே வராமல் இருந்திருந்தால் நிதானமாகத் தேடியிருப்பேன். மெலிசாக, அறுந்து அறுந்து ஏதோ வந்துகொண்டே இருந்ததால் "கிட்டத்தட்ட சரி, எதோ ஒரு பார்ட் மட்டும் கெட்டிருக்கு" என்று நம்பி, முதலில் கெப்பாசிட்டர், அப்புறம் டயோடு, அப்புறம் ரெசிஸ்டர் என ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒரே இடத்தை மூன்றாவது தடவை சூடு பண்ணும்போது பேட் (பார்ட்டின் காலை சால்டர் பண்ணும் செம்பு வட்டம்) கையோடு வந்துவிட்டது. சரி, போர்டுதான் மோசம் என்று இன்னொரு போர்டு வாங்கி, அதே கடையின் அதே ட்ரான்சிஸ்டரை, அதே அரைவட்டத்துக்குப் பொருத்தி... ஆமாம். இரண்டு போர்டு, இரண்டு மாசம். இப்போது நினைத்தாலும் என்மேலேயே எரிச்சல் வருகிறது, ஏனென்றால் மல்டிமீட்டர் மேசை மேலேயே கிடந்தது.

அளந்திருந்தால் ஐந்து நிமிஷம். கறுப்பு முனையை கிரவுண்டில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு காலையும் தொட்டு, ஒரு தாளில் எழுத வேண்டும். 9 வோல்ட்டில் ஓடும் இந்த சர்க்யூட்டில் முதல் மூன்று ட்ரான்சிஸ்டரின் கலெக்டர் ஏறக்குறைய 4, 5 வோல்ட்டில் நிற்கும்; பேஸ், எமிட்டரைவிட 0.6 வோல்ட் போல மேலே இருக்கும். தம்பியின் போர்டில் கலெக்டர் இருக்க வேண்டிய இடத்தில் எட்டைத் தாண்டிக் காட்டியது. ட்ரான்சிஸ்டர் மின்சாரத்தைச் சரியாக இழுக்கவில்லை என்று அர்த்தம். "டேய், இது என்ன நம்பர் போட்டிருக்க?" என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், பிசி 547. அதே குடும்பம், அதே கால் வரிசை, அதே அரைவட்டம். கழற்றியதைத் திருப்பிப் போடாமல் புதுசு போடச் சொன்னேன். எமிட்டருக்கும் பேஸுக்கும் நடுவே தலைகீழாக ஐந்தாறு வோல்ட்டுக்கு மேல் தாங்காத சாமான் அது, அடி வாங்கியிருந்தால் இரைச்சல் கூடிவிடும்.

அளந்தும் பிடிபடவில்லை என்றால் ஆடியோ ப்ரோப். பெரிய பெயர்தான், பழைய கிட்டார் கேபிள் ஒன்றை வெட்டி, நடுக் கம்பியில் 104 என்று போட்ட கெப்பாசிட்டரைச் சேர்த்து, வெளிக் கம்பியை போர்டின் கிரவுண்டில் மாட்டினால் முடிந்தது. மறுமுனை ஆம்ப்பில், வால்யூம் குறைவாக. பெடலின் இன்புட்டில் பாட்டு ஏதாவது ஓடவிட்டு, கெப்பாசிட்டரின் காலால் இன்புட்டிலிருந்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போங்கள். எங்கே சத்தம் செத்துப்போகிறதோ அங்கேதான் வில்லன். இது 9 வோல்ட் பெடலுக்கு மட்டும். வால்வ் ஆம்ப்பைத் திறந்து இந்த வேலையைக் காட்டினால் உயிர் போகும்.

கைக்குக் கிடைத்த அடாப்டர்

கிட்டார் பெடல்களுக்கான அடாப்டர் பின்னில் பெரும்பாலும் நடுப்பகுதி நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டரில் பெரும்பாலும் அதுவே பாசிட்டிவ், சிலது 12 வோல்ட் வேறு. உள்ளே அழகாகப் போய் உட்காரும், அதுதான் வினை. உள்ளே ஐசி இருந்தால் போச்சு. பவர் வரும் வழியில் ஒரு 1என்5817 டயோடைத் தொடராகப் போட்டால் தலைகீழாக வரும் மின்சாரத்தைத் தடுத்துவிடும்; சுமார் 0.3 வோல்ட் நஷ்டம், அவ்வளவுதான்.

ஃபுட் ஸ்விட்ச்

ஒன்பது காலும் பிளாஸ்டிக்கில் நிற்கின்றன. ஒரே காலில் பத்து விநாடி சூடு வைத்தால் உள்ளே உருகிவிடும்.

பொட்டென்ஷியோமீட்டரின் முதுகு

வால்யூம் போன்ற குமிழ்களுக்கு அடியில் இருக்கும் இந்தப் பாகத்தின் முதுகு உலோகம். போர்டின் அடியில் படும். டேப் ஒட்டுங்கள்.

பெட்டி

வெளியே வாசிக்காத பெடல் பெட்டிக்குள்ளும் வாசிக்காது.

உரிந்த பேட்

இது முடிவல்ல. அந்தப் பட்டை எங்கே போய்ச் சேர வேண்டுமோ, அந்த பார்ட்டின் காலுக்கே கம்பி இழுத்துவிடலாம். தம்பியின் போர்டில் மூன்று கம்பி அப்படி ஓடுகிறது, பார்க்க அசிங்கம். ராத்திரி ஒன்பது மணிக்கு ஆன் பண்ணி கிட்டாரில் ஒரு ஈ கார்டு (E chord) அடித்தான். பக்கத்து வீட்டு நாய் குலைக்க ஆரம்பித்தது.