இரத்தசோகை உள்ள மகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் முறை

பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற மாத்திரையை மகள் தவறாமல் விழுங்கியும், பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9 என்றுதான் வருகிறது என்று பல தாய்மார்கள் கவலைப்படுகிறார்கள். அந்த மாத்திரையில் குறை ஏதும் இல்லை. 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு இரத்தசோகை வராமல் தடுப்பதற்காகவே 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட அந்த மாத்திரை கொடுக்கப்படுகிறது. வந்துவிட்ட இரத்தசோகையைத் தீர்ப்பதற்கு அந்த அளவு போதாது. 2018இல் தொடங்கிய இரத்தசோகை இல்லா இந்தியா திட்டத்தின் வழிகாட்டுதலின்படி, இலேசான அல்லது நடுத்தர இரத்தசோகை உள்ள வளரிளம் பெண்ணுக்கு அதே அளவுள்ள மாத்திரைகள் இரண்டை நாள்தோறும் மூன்று மாதங்களுக்குக் கொடுக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் வாரத்துக்கு 840 மில்லிகிராம் ஆகிறது. தடுப்பு அளவைப்போல் 14 மடங்கு. இந்த வேறுபாடு தெரியாமல் வாராந்திர மாத்திரையை மட்டும் நம்பி ஒரு கல்வியாண்டையே கடத்திவிடும் குடும்பங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்து வெளுப்பைச் சொல்வது அனுபவமுள்ளவர்களுக்கே பல நேரம் தவறிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்தப் பரிசோதனை செய்கிறார்கள். 12 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. 11 முதல் 11.9 வரை இலேசானது, 8 முதல் 10.9 வரை நடுத்தரமானது, 8க்குக் கீழே கடுமையானது. கடுமையான நிலையில் வீட்டில் மாத்திரை கொடுத்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, பாடத்தில் மனம் நிற்காதது ஆகியவற்றோடு, அரிசிப் பானையில் கைவிட்டு ஒரு பிடி அரிசியை மென்றுகொண்டே இருப்பதும், பல்பம் தின்பதும் இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறிகளாக இருக்கலாம். அதைக் கெட்ட பழக்கம் என்று அடித்துத் திருத்த முயலாதீர்கள்.

மருந்துக் கடையில் வாங்குவதானால் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். மாத்திரையில் உள்ள இரும்பு உப்பின் எடை வேறு, அதிலிருந்து கிடைக்கும் இரும்பின் எடை வேறு. 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேட்டில் இரும்பு ஏறத்தாழ 65 மில்லிகிராம்தான் இருக்கும். சத்து டானிக்குகள் பலவற்றில் வைட்டமின்களின் பெயர்கள் வரிசையாக இருந்தாலும், சிகிச்சைக்குத் தேவையான இரும்பு இருப்பதில்லை. அளவை முடிவுசெய்வது மருத்துவரின் வேலை. அவர் எழுதித் தந்த அளவு அட்டையில் இருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை.

வெறும் வயிற்றில் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும் என்றாலும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்போது குமட்டும் என்பதால் உணவுக்குப் பின் கொடுப்பதே நடைமுறைக்கு ஏற்றது. நான் இரவு உணவு முடிந்த பிறகு கொடுத்தேன். காலை அவசரத்தில் மறந்துபோவதும், மாத்திரையின் மேலேயே காப்பி குடிப்பதும் அதனால் நின்றன. தேநீர், காப்பி, பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரை ஆகியவை இரும்பு உடலில் சேர்வதைக் குறைப்பதால், ஒன்றிரண்டு மணி நேர இடைவெளி தேவை. எலுமிச்சைச் சாறோ, ஒரு நெல்லிக்காயோ, கொய்யாத் துண்டோ உடன் இருந்தால் அதிலுள்ள வைட்டமின் சி உதவும்; அதற்கெனத் தனி மாத்திரை வாங்க வேண்டியதில்லை.

பெரும்பாலும் சிகிச்சை பாதியில் நின்றுபோவது இரண்டாவது வாரத்தில்தான். என் மகள் மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து, எங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டு, மாத்திரைகளை எழுதுபொருள் டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். எண்ணிப் பார்த்தபோது 11 இருந்தன. உடலில் சேராத இரும்பு வெளியேறுவதால்தான் மலம் கறுக்கிறது, அதனால் கெடுதல் இல்லை என்று முதல் நாளே அவளிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். மலச்சிக்கலுக்குக் கீரையும் பழமும் தண்ணீரும் கூடுதலாகக் கொடுங்கள். வயிற்றுவலியோ வாந்தியோ தாங்க முடியாததாக இருந்தால் நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்; அவர் வேறு இரும்பு உப்பு உள்ள மாத்திரைக்கு மாற்றலாம், அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கச் சொல்லலாம்.

ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டால் ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறியதும் நிறுத்திவிடக் கூடாது. உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்புவதற்கு மேலும் சில மாதங்கள் ஆகும். ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் அளவைக் கூட்டிப் பயனில்லை, காரணத்தைத் தேட வேண்டும். மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா, கட்டி கட்டியாகப் படுகிறதா என்று அவளிடம் தனியாகக் கேளுங்கள். பூச்சி மாத்திரை எப்போது கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். அந்த மாத்திரையான அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஆண்டுக்கு இருமுறை தரப்படுகிறது. தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் மரபுக்கூறு உள்ள பெண்ணுக்கும் இரத்தம் குறைவாகவே காட்டும், ஆனால் இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்திருந்தால் அல்லாமல் இந்த மாத்திரையால் பயன் இராது. முட்டையும் மீனும் இல்லாத வீடுகளில் வைட்டமின் பி12 குறைவையும் சோதிக்க வேண்டும். ஃபோலிக் அமிலம் மட்டும் தொடர்ந்து கொடுத்தால் இரத்தம் தேறியதுபோல் தோன்றினாலும், பி12 குறைவால் நரம்புகளுக்கு ஏற்படும் பாதிப்பு உள்ளுக்குள் வளர்ந்துகொண்டே போகும்.

வீட்டில் சிறு குழந்தை இருந்தால் மாத்திரை அட்டையைக் கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். வண்ண மாத்திரையை மிட்டாய் என்று எண்ணிக் குழந்தை பலவற்றை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து நேரும். வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிராமல், மீதி அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.