கச்சான் காலத்தில் கட்டட வேலை: ஆட்களை வெயிலடியிலிருந்து காப்பது எப்படி

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதிகள் நிறைகிற மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில்தான் திருகோணமலையில் வெயிலும் கொளுத்துகிறது. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வரும் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று இங்கு சேரும்போது வறண்டு, சூடேறியிருக்கும். அதில் வியர்வை உடனே காய்ந்துவிடும். சட்டை நனையாததால் உடம்பில் தண்ணீர் குறையவில்லை என்று மேசனும் கையுதவியாளும் நினைத்துவிடுகிறார்கள். தாகம் எடுத்தால் குடிக்கட்டும் என்று விட்டால் பிந்திவிடும்.

ஒருவருக்கு 20 நிமிடத்துக்கு ஒருதடவை 250 மில்லிலீற்றர் தண்ணீர் கொடுங்கள், அதாவது மணிக்கு முக்கால் லீற்றர். எட்டு மணித்தியாலத்துக்கு 6 லீற்றர். பத்துப் பேர் வேலை செய்தால் 20 லீற்றர் கான் மூன்று காலையிலேயே தளத்தில் இருக்க வேண்டும். கான் சாரத்தடியில், கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வாசலில் வைத்தால் யாரும் இறங்கி வரமாட்டார்கள். மணிக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். உப்புக் குளிசை வேண்டாம். சோறு கறியை ஒழுங்காகச் சாப்பிட்டாலே பெரும்பாலானோருக்குப் போதும். சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால் தண்ணீர் போதவில்லை.

பெண்கள் வேலை செய்யும் தளத்தில் கழிப்பறை இல்லையென்றால் இந்தக் கணக்கெல்லாம் வீண். ஒதுங்க இடமில்லாததால் அவர்கள் வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பார்கள். பூட்டுள்ள கழிப்பறையைத்தான் முதலில் கட்ட வேண்டும்.

நிழலுக்கு நீலப் படங்கைத் தாழக் கட்டினால் அதுவே சூடேறி உள்ளே வெக்கையை இறக்கும். கிடுகுப் பந்தல் நல்லது. எட்டடி உயரத்தில், காற்று வரும் பக்கத்தைத் திறந்துவிட்டுப் போடுங்கள்.

வேலையை 6 மணிக்குத் தொடங்கி, கொங்கிரீட், கூரைத் தகடு, கம்பி கட்டுதல் போன்றவற்றை 10.30க்குள் முடியுங்கள். கொங்கிரீட்டும் உச்சி வெயிலில் சீக்கிரம் இறுகி வெடிக்கும் என்பதால் வேலைக்கும் அது நல்லது. 11 முதல் 3 வரை உள்வேலை மட்டும். மணிக்கொருமுறை 10 நிமிடம் நிழலில் இருக்க வேண்டும், அந்த நேரத்துக்கும் கூலி உண்டு. சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குபவர் உட்கார்ந்தால் குறைவது அவருடைய காசுதான். அதனால் அவர் உட்காரமாட்டார். ஓய்வு நேரத்தையும் சேர்த்தே விலை பேசுங்கள். இதைச் செய்யாமல் சுவரில் அறிவித்தல் ஒட்டுவதில் பயனில்லை.

புதிய ஆளை முதல் நாளே முழு நேரமும் வெயிலில் நிறுத்தக்கூடாது. உடம்பு பழகாதவர்களுக்கு முதல் சில நாட்கள்தான் மிகவும் ஆபத்தானவை. முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு அவ்வளவு கூட்டுங்கள். காய்ச்சலிலோ விடுமுறையிலோ ஒரு வாரத்துக்கு மேல் நின்று திரும்பிய பழைய ஆள் என்றால் பாதியில் தொடங்கலாம். நாரி வலிக்கு டைக்குளோபெனாக், இபுபுரூபன் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்பது சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதை ஆட்களுக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

தலையிடி, ஓங்காளம், கால் குறண்டுதல் வந்தால் நிழலில் இருத்தி, ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு பைக்கற் ஜீவனி (நீரிழப்புக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) கரைத்துக் கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுங்கள். பேச்சு குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், தள்ளாடினால், மயங்கினால் அது வெயிலடி. வியர்த்துக்கொண்டிருந்தாலும் வெயிலடியாக இருக்கலாம். ஒருவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழைக்க, மற்றவர்கள் அங்கேயே உடம்பைக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். சட்டை, சப்பாத்தைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மீன்கடை ஐஸைத் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். தெளிவில்லாதவருக்கு வாயால் எதுவும் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

தெளிந்தபின் “இப்ப சரி” என்று அவரே சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். வைத்தியர் சொல்லும்வரை சாரத்தில் ஏற்றாதீர்கள்.