புயலுக்கு முன் நாம் செய்யும் தவறுகள்: லீவு அறிவிப்பு முதல் அணை திறப்பு வரை

2024 நவம்பர் கடைசி வாரத்தில் தமிழ்நாடு முழுக்க ஒரே கேள்விதான் ஓடியது: இது புயலாகுமா, ஆகாதா? வங்கக்கடலில் இருந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாக மாறாமலே கரையைக் கடக்கலாம் என்று 28-ஆம் தேதி செய்தி வந்ததும், பலர் ‘அப்பாடா’ என்று விட்டுவிட்டார்கள். மறுநாளே அது ஃபெஞ்சல் புயலானது. 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, ஆனால் நகராமல் அங்கேயே நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது.

புயலுக்கு முந்தைய நாட்களில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இரண்டே இடத்தில் பிறக்கின்றன. காற்றைப் பார்த்துக்கொண்டு தண்ணீரை மறந்துவிடுகிறோம். நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம்.

பெயர் வைக்கட்டும் என்று காத்திருப்பது

வானிலை ஆய்வு மையம் ‘புயல்’ என்று சொல்வது காற்றின் வேகத்தை வைத்து மட்டும்தான். மணிக்கு 62 கி.மீ. வேகத்தைத் தொட்டால் புயல், 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அது எவ்வளவு மழை தரும் என்பதற்கும் இந்தப் பெயருக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. மழைக்குத் தனிக் கணக்கு உண்டு: 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. தாழ்வான பகுதியில் வீடு இருப்பவர் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது கணக்கை.

நிற எச்சரிக்கையும் அப்படித்தான். மஞ்சள் என்றால் செய்தியைக் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. சிவப்பு வந்த பிறகுதான் தயாராகத் தொடங்குவது என்று பல வீடுகளில் வழக்கம். சிவப்பு வரும்போது எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு பற்றியும் சொல்ல வேண்டும். ‘நேற்று எட்டாம் எண், இன்று ஒன்பது, அப்போ புயல் பலமாகிவிட்டது’ என்று தொலைக்காட்சி விவாதத்தில்கூடப் பேசுகிறார்கள். கூண்டு கப்பல்களுக்கான சைகை. 8, 9, 10 மூன்றும் பெரும் அபாய எச்சரிக்கையே. புயல் அந்தத் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது நேராக அதன் மேலேயே கடக்குமா என்பதில்தான் வேறுபாடு. 5, 6, 7-க்கும் இதே முறைதான். எண் குறைந்துவிட்டது என்று யாரும் நிம்மதியடைய வேண்டாம்.

‘நம்ம ஊர்ல கடக்கலையே’

மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் 5 அன்று ஆந்திராவில் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. சென்னையிலிருந்து அந்த இடம் சுமார் 300 கி.மீ. தூரம். ஆனால் சென்னை அதற்கு முன்பே, 3, 4 தேதிகளில் மூழ்கிவிட்டது. புயல் கடற்கரையை ஒட்டி மெல்ல நகர்ந்ததால் மழை விடாமல் பெய்தது, கடலும் கொந்தளித்ததால் ஆறுகளும் கால்வாய்களும் தண்ணீரைக் கடலுக்குள் தள்ள முடியவில்லை. வரைபடத்தில் கோடு எங்கே கரையைத் தொடுகிறது என்று மட்டும் பார்த்தவர்கள் அன்று ஏமாந்தார்கள். அந்தக் கோடு புயலின் மையம் போகும் பாதை. மழை மேகங்கள் அதைச் சுற்றிப் பல நூறு கி.மீ. பரவியிருக்கும்.

விடுமுறை: யார் விடுவது, யாருக்கு, எப்போது

அதிகக் குழப்பம் இங்கேதான். பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை விடுவது அந்தந்த மாவட்ட ஆட்சியர். மிக்ஜாமின்போது டிசம்பர் 4 அன்று சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு விட்டதுபோல அலுவலகங்களையும் சேர்த்துப் பொது விடுமுறை என்றால் அது மாநில அரசின் முடிவு. தனியார் நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் ‘வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதியுங்கள்’ என்ற அறிவுறுத்தல்தான் வரும். மருத்துவமனை, மருந்துக்கடை, பால், குடிநீர், மின்சாரம், பெட்ரோல் பங்க் போன்ற அத்தியாவசியப் பணிகளுக்கு இந்த விடுமுறை பொருந்தாது.

முதல் தவறு, வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்புவது. போன வருடத்து லீவு செய்தியின் படம் ஒவ்வொரு மழைக்கும் புதிதாக உலா வரும். தேதியையும் மாவட்டத்தின் பெயரையும் பாருங்கள். ஆட்சியரின் அதிகாரப்பூர்வ சமூக வலைதளப் பக்கத்திலோ செய்தியிலோ இல்லையென்றால் அது அறிவிப்பு இல்லை. பக்கத்து மாவட்டத்தின் லீவு உங்களுக்குச் செல்லாது என்பதையும் மறந்துவிடுகிறோம். தாம்பரத்தில் வீடு, சென்னை மாவட்டத்தில் பள்ளி என்றால் பள்ளி இருக்கும் மாவட்டத்தின் அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அதிகாலை வரை முடிவைத் தள்ளிப்போடுவது. காலை ஆறரைக்குப் பள்ளி வேன் கிளம்பிவிடும். ஏழு மணிக்கு லீவு அறிவித்தால் பிள்ளைகள் பாதி வழியில் இருப்பார்கள், பெற்றோர் வேலைக்குக் கிளம்பியிருப்பார்கள். முந்தின நாள் மாலையே சொல்லிவிடுவதுதான் நல்லது. ஆனால் இதில் நம் பங்கும் இருக்கிறது. லீவு விட்ட நாளில் வெயில் அடித்தால் ஆட்சியரைக் கேலி செய்து ஊரே மீம் போடுகிறது. அந்தக் கேலிக்குப் பயந்து அடுத்த முறை ஒரு அதிகாரி தயங்கினால், அந்தத் தயக்கத்தின் விலையைக் கொடுப்பது தண்ணீரில் நடந்துபோகும் ஒரு குழந்தை. வீணாய்ப்போன ஒரு லீவு நாளை ஒரு சனிக்கிழமை வகுப்பில் சரிசெய்துவிடலாம். ஆட்சியர் அறிவிக்கவில்லை என்றாலும், தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் பிள்ளையை அனுப்பாமல் இருக்கப் பெற்றோருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

மூன்றாவது தவறு நிறுவனங்களுடையது. காலையில் எல்லோரையும் வரச் சொல்லிவிட்டு, மதியம் மூன்று மணிக்குக் காற்று வலுத்ததும் ‘எல்லோரும் கிளம்புங்கள்’ என்பது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் சாலைக்கு வருவார்கள், அதுவும் மிக மோசமான நேரத்தில். ஃபெஞ்சல் கரையைக் கடந்த அன்று பிற்பகல் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் பஸ்ஸை நிறுத்தினார்கள். சென்னை விமான நிலையமும் நண்பகலில் மூடி நள்ளிரவுக்குப் பிறகுதான் திறந்தது. அந்த நேரத்தில் அலுவலகத்தில் இருந்தவர் எப்படி வீடு திரும்புவார்? மூடுவதென்றால் முந்தின நாளே மூட வேண்டும். முடியவில்லையென்றால், வந்தவர்களைப் பத்திரமாக இரவு தங்கவைக்க ஏற்பாடு வேண்டும். கணினி முன் உட்காருபவருக்கு வீட்டிலிருந்து வேலை என்று சொல்லிவிட்டு, காவலாளியையும் துப்புரவு செய்யும் அக்காவையும் மட்டும் வழக்கம்போல வரச் சொல்வதும் நடக்கிறது. கட்டடமே மூடியிருக்கும்போது அவர்களை எதற்கு வரவைக்க வேண்டும்? அன்றைய கூலியைப் பிடிக்காமல் இருந்தாலே அவர்கள் தைரியமாக வீட்டில் இருப்பார்கள்.

அப்புறம், லீவு விட்டதும் அலை பார்க்கக் கிளம்புவது. மெரினாவிலும் புதுச்சேரி கடற்கரையிலும் போலீஸ் ஒவ்வொரு புயலுக்கும் ஆட்களை விரட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. சாலையில் ஆள் இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்த விடுமுறையே.

பாலும் பிரெட்டும் வாங்கினால் போதுமா?

கடையில் கூட்டம் சேர்வது பால், பிரெட், மெழுகுவத்திக்கு. விட்டுப்போவது வேறு சில. மின்சாரம் போனால் கைப்பேசிக் கோபுரமும் சில மணி நேரத்தில் படுத்துவிடும், ஜிபே வேலை செய்யாது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டாகக் கொஞ்சம் பணம் கையில் இருக்கட்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் மருத்துவமனையில் பேசி ஒரு நாள் முன்னதாகவே போய்வரப் பார்க்க வேண்டும். பிரசவ தேதி நெருங்கிய பெண்களை முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்க்கச் சுகாதாரத் துறையே ஏற்பாடு செய்கிறது. ‘இன்னும் பத்து நாள் இருக்கு’ என்று அதை மறுக்க வேண்டாம்.

மொட்டை மாடியில் இருக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வையுங்கள். கரண்ட் இல்லாத நாட்களுக்குத் தண்ணீர் ஆகும் என்பது ஒரு காரணம். காலித் தொட்டி காற்றில் பறந்து பக்கத்து வீட்டில் விழும் என்பது இன்னொன்று. தகர ஷீட், பூந்தொட்டி, விளம்பரப் பலகை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

காரைப் பற்றி. அடித்தள வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு, நள்ளிரவில் தண்ணீர் ஏறும்போது எடுக்க ஓடுவது உயிருக்கு ஆபத்து. வேளச்சேரிக்காரர்கள் மழைக்கு முன்பே மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவது 2015 வெள்ளம் கற்றுக்கொடுத்தது. தண்ணீரில் மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போய் உடைந்தால், இன்ஜின் பாதுகாப்புக்கெனத் தனியாகச் சேர்த்த காப்பீடு இல்லாவிட்டால் பணம் கிடைப்பது கடினம்.

தென்னை வைத்திருப்பவர்கள் முற்றிய குலைகளையும் அடி ஓலைகளையும் முன்பே இறக்கிவிட வேண்டும், தலை கனம் குறைந்தால் மரம் தாங்கும். வேரில் தண்ணீர் பாய்ச்சுவதையும் நிறுத்த வேண்டும். மரக் காப்பீட்டைப் புயல் கிளம்பிய பிறகு நினைத்துப் பயனில்லை. 2018-இல் கஜா டெல்டாவில் சாய்த்த தென்னைகளுக்குப் பின்னால் எத்தனை குடும்பங்களின் வருமானம் போனது என்று பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் போய்க் கேட்டால் தெரியும்.

கடலோரத்தில்

ஒக்கி 2017 நவம்பர் இறுதியில் கன்னியாகுமரிக் கடலில் உருவாகி மிக வேகமாக வலுத்தது. ஆழ்கடலுக்குப் போன மீனவர்கள் பல நாள் தங்கித் தொழில் செய்பவர்கள், கரையில் விடுத்த எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கனை மீன்வளத் துறை கொடுக்காமல் நிறுத்துவது இன்னும் கிளம்பாத படகுக்குத்தான் உதவும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு வயர்லெஸ்ஸில் சொல்லியாயிற்றா, எந்தத் துறைமுகத்தில் ஒதுங்கினார்கள் என்று சங்கத்தினரும் குடும்பத்தினரும் முதல் எச்சரிக்கையிலேயே கேட்க வேண்டும். படகுகளை நெருக்கமாகக் கட்டினால் ஒன்றோடொன்று மோதி உடையும். இடைவெளி விட்டுக் கட்டி, காற்று ஏறிய பிறகு படகைப் பார்க்கப் போகாமல் இருக்க வேண்டும்.

முகாமுக்குப் போவதில் செய்யும் தவறு, இருட்டிய பிறகு போகலாம் என்பது. கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது நள்ளிரவுக்குப் பின். அந்த நேரத்தில் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் கிளம்ப முடியுமா? குடிசை, ஓட்டு வீடு என்றால் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்ப வேண்டும். ஆடுமாடுகளை அவிழ்த்துவிட்டுப் போங்கள், கட்டிப்போட்டால் அவற்றுக்குத் தப்ப வழியில்லை. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக் எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் உங்களோடு வரட்டும்.

காற்று நின்றதும் வெளியே வருவது

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின் கண், அதாவது காற்று அடங்கியிருக்கும் அதன் நடுப்பகுதி, சென்னை மேலேயே கடந்தது. காற்று திடீரென அடங்கியதும் முடிந்தது என்று நினைத்துப் பலர் தெருவுக்கு வந்தார்கள். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அடித்தது. வடக்குக் காற்றில் ஆட்டம் கண்டிருந்த மரங்கள் தெற்குக் காற்றில் விழுந்தன. ‘கரையைக் கடந்துவிட்டது’ என்று அறிவிப்பு வரும்வரை அந்த அமைதியை நம்பக் கூடாது.

அந்த அறிவிப்பு வந்த பிறகும் முழுதாக முடிந்துவிடாது. ஃபெஞ்சலில் மிகக் கொடுமையானவை கடந்த பிறகே நடந்தன. டிசம்பர் 1 மாலை திருவண்ணாமலையில் மலைச்சரிவில் பாறையும் மண்ணும் சரிந்து ஒரே வீட்டில் ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகள் ஐந்து பேர். கடலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பெய்து, சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் ஏரித் தண்ணீரில் அடித்துச் செல்லப்பட்டன. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் வெளியேறியது. தென்பெண்ணைக் கரையில் விழுப்புரம், கடலூர் மாவட்ட கிராமங்கள் மூழ்கின, அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலேயே தண்ணீர் ஓடியது. அன்றைக்கு மழை நின்றுவிட்டது என்று ஊர் திரும்பக் கிளம்பியவர்கள்தான் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள்.

அதனால் உள் மாவட்டங்களில் இருப்பவர்கள் கடற்கரைச் செய்தியை வேடிக்கை பார்க்க வேண்டாம். உங்கள் ஊருக்கு மேலே எந்த அணை, எந்த ஏரி இருக்கிறது, அதன் நீர்மட்டம் எவ்வளவு என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் வீடு இருந்து, மண் கலங்கிய தண்ணீர் சுவர் ஓரமாக வரத் தொடங்கினால் அன்றிரவு அங்கே படுக்க வேண்டாம். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, சென்னை மாநகராட்சி 1913, மின்சாரப் புகார் 94987 94987. சிக்னல் போவதற்கு முன்பே இவற்றைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

பள்ளியைத் திறப்பதிலும் அவசரம் வேண்டாம். பல ஊர்களில் அந்தப் பள்ளியே நிவாரண முகாமாக இருந்திருக்கும். வகுப்பறையைக் கழுவி, தண்ணீர்த் தொட்டியில் குளோரின் போட்டு, நனைந்த சுவரிலும் சுவிட்சிலும் மின்கசிவு இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துப் பார்த்து, வளாகத்தில் சாய்ந்து நிற்கும் மரங்களையும் சுற்றுச்சுவரையும் சரிபார்த்த பிறகே மணி அடிக்க வேண்டும். தண்ணீர் நிற்கும் தெருவில் மின்கம்பி அறுந்து கிடக்கிறதா என்று பார்க்காமல் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்பாதீர்கள். ஃபெஞ்சல் நாளில் சென்னையில் மின்சாரம் தாக்கியும் உயிர்கள் போயின. உங்கள் தெருவில் கம்பி அறுந்திருந்தால், மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை யாரும் அந்தப் பக்கம் போகாமல் ஒருவர் தள்ளி நின்று தடுத்துக்கொண்டிருங்கள்.